மறு: 'ப்ளீடிங்' என்பதற்குக் காற்றெடுப்பு

நண்பர்களுக்கு வணக்கம்,

பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதற்கான கையேட்டில் பிரேக் அத்தியாயம் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது, அதனால் மடல் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரேக் குழாயில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் 'பிரேக் ப்ளீடிங்' வேலைக்கு இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் குருதிவடிப்பு, கசியவிடல், வடித்தல், வளிநீக்கம். என் பரிந்துரை காற்றெடுப்பு. வினையாக வரும்போது காற்றெடு, காற்றெடுக்க வேண்டும், காற்றெடுத்தாயிற்று.

பட்டறையில் யாரும் இந்த வேலையை வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. 'பிரேக்கில் ஏர் புடிச்சிருக்கு, ஏர் எடுக்கணும்' என்பார்கள், அவ்வளவுதான். சொல்லின் பாதி அங்கேயே தமிழாக இருக்கிறது. ஏர் என்பதைக் காற்று ஆக்கினால் மீதியும் ஆகிவிடும். களையெடுப்பு, சுளுக்கெடுத்தல், பேனெடுத்தல் என்று இருக்கக்கூடாத ஒன்றை அகற்றுவதற்கு 'எடு' நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. டயருக்குக் காற்றடிக்கிறோம், டயரிலிருந்து காற்றை இறக்குகிறோம், பிரேக்கிலிருந்து காற்றெடுக்கிறோம். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் நிற்கின்றன.

குருதிவடிப்பை நான் ஏன் ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு அப்படி ஓர் உருவகம் அமைந்துவிட்டது, அதை நாம் சுமக்கத் தேவையில்லை. அதைவிட, அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு வேலையின் நோக்கம் தலைகீழாகப் புரியும். வெளியே வரவேண்டியது காற்று. திரவம் வருவது அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதற்காகத்தான். கசியவிடல் இன்னும் மோசம். பழைய வண்டியில் பிரேக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறதா, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று தேடுவதே பாதி வேலை. கசிவு என்றால் அங்கே பழுது. அதே பக்கத்தில் 'இப்போது கசியவிடவும்' என்று எழுதினால் புதிதாகக் கற்றுக்கொள்பவர் என்ன செய்வார்? உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு சொல்லைப் பழுதுக்கும் பரிகாரத்துக்கும் சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வளிநீக்கத்தில் பொருள் பிழை இல்லை, பாடநூலில் வந்தால் வரவேற்பேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் பெடலில் கால் வைத்திருப்பவரைப் பார்த்து 'வளி நீங்கியதா' என்று கேட்கப் போவதில்லை. 'காத்து எடுத்தாச்சா' என்று கேட்பார். எழுத்தில் காற்றெடுப்பு என்று இருந்தால் வாயிலும் அதுவே வரும்.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் துணைச்சொற்கள் எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

திரவத்தை அழுத்தினால் அது அநேகமாகச் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் பெடலை மிதித்த ஆழத்தில் ஒரு பகுதி அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். அதனால்தான் பெடல் மெத்து மெத்தென்று இறங்குகிறது. (இதற்கு 'மெத்து மிதி' என்று எழுதி வைத்திருக்கிறேன், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.) ஆனால் பெடல் ஆழமாக இறங்கினாலே காற்று என்று முடிவு கட்டக்கூடாது. முதல் மிதிப்பில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் உயரத்தில் வந்து கல்லாக நின்றால் பெரும்பாலும் பின்பக்க டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், ஷூவை ஒட்டி வைத்தால் சரியாகிவிடும். உயரத்தில் வந்த பிறகும் மெத்தென்றே இருந்தால் அது காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு, அல்லது பெடல் மிதிப்பைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. இந்த மூன்றும் கையேட்டில் மூன்று தனித்தனிச் சொற்களாக நிற்கவேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

அடுத்தது, காற்றை வெளியே விடச் சக்கரத்தருகே திறக்கும் அந்தத் திருகு. பட்டறையில் 'ஏர் ஸ்க்ரூ' என்றும் சொல்கிறார்கள், 'நிப்பிள்' என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. கார்புரேட்டரிலும் ஏர் ஸ்க்ரூ உண்டு, அது காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்வது. நிப்பிள் என்றால் பிக்கப்பில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டிலும் பின் ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிளிலும் இருக்கும் கிரீஸ் நிப்பிளும் நிப்பிள்தான். ஆகவே காற்றெடுப்புத் திருகு. நீளம்தான், ஆனால் வேறு எதையும் குறிக்காது. பேச்சில் 'காத்தெடுக்கிற நிப்பிள்' என்றாலும் குழப்பம் இல்லை.

பழைய வண்டியில் இந்தத் திருகுதான் முதல் எதிரி என்பதால் அதைப் பற்றிக் கையேட்டில் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். ரப்பர் மூடி எப்போதோ விழுந்து போயிருக்கும், துளைக்குள் சேறும் துருவும் அடைத்திருக்கும், மரை இறுகிப்போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கி எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். ஸ்பேனரைப் போடுமுன் திருகின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் முனைகளை வழித்துவிடும், ஆறு முனை சாக்கெட்தான் பிடிக்கும். முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பி, துரு விடுகிற அந்தச் சின்ன 'டக்' கையில் தெரிந்த பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பினால் உடையாமல் வர வாய்ப்பு அதிகம். திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் பெடலைப் போட்டு மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். திருகை முழுதாகக் கழற்றி, நடுத்துளையையும் பக்கத்துளையையும் மெல்லிய கம்பியால் குத்தித் துடைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடைப்பு.

முறைகளுக்கான பெயர்கள்:

மிதி முறை: இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, மிதி தரையைத் தொடுவதற்குள் மூடிவிட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், முந்தினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை அழுத்தவே கூடாது. வழக்கமாக பிஸ்டன் போகாத ஆழத்தில் துருவும் படிவும் இருக்கும், அதில் உரசி ரப்பர் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை.

உறிஞ்சு முறை: கைப்பம்பை வைத்துத் திருகின் பக்கமிருந்து இழுப்பது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. திருகைத் தளர்த்தியதும் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, தெளிவான குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும், திரவம் எவ்வளவு தீர்ந்தாலும் நிற்காது. அந்தக் குமிழி பிரேக்கிலிருந்து வருவதே இல்லை. மரையின் வெளிப்புறம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் குறையும்.

அழுத்து முறை என்பது மேலே திரவத் தொட்டியின் பக்கமிருந்து தள்ளுவது. சொட்டு முறை என்பது திருகைத் திறந்து வைத்துத் திரவம் தானாக இறங்கும்வரை காத்திருப்பது, பொறுமை இருந்தால் போதும். எந்த முறையானாலும் மேலே தொட்டி வற்றக்கூடாது, வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்துக் காற்றை எடுத்துவிடுவதற்கு 'முன்காற்றெடுப்பு' என்று வைத்திருக்கிறேன். 'மேசைக் காற்றெடுப்பு' என்று ஒருவர் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் மேசை அங்கே முக்கியமில்லை, மாட்டுவதற்கு முன் என்பதுதான் முக்கியம்.

பிக்கப்புக்கே உரிய ஒன்று விட்டுப்போகக்கூடாது. பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். பின்னால் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் அழுத்தம், காலியாக இருந்தால் குறைவு. இதற்கு 'சுமையறி வால்வு' என்பது நன்றாகப் பொருந்துகிறது. சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின் ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் வண்டி காலியாக இருக்கிறது என்றே இந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின்பக்கம் திரவம் சரியாக வராது. ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்திலேயே வைத்துக் காற்றெடுக்க வேண்டும். சில வண்டிகளில் இந்த வால்வுக்கே தனிக் காற்றெடுப்புத் திருகு இருக்கும், அதைத் தவறவிட்டால் எத்தனை முறை நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தாலும் மெத்து மிதி போகாது. சக்கர வரிசை பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருப்பதில் தொடங்கி அருகில் இருப்பதில் முடியும். தயாரிப்பாளர் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. ஏபிஎஸ் உள்ள சிலவற்றுக்குக் கணினிக் கருவியும் தேவைப்படும்.

இனி இந்த இழையில் எழுந்த நல்ல கேள்வி: காற்றே இல்லாமல், பழைய திரவத்தை வெளியேற்றிப் புதிதை நிரப்புவதையும் ஆங்கிலத்தில் ப்ளீடிங் என்றுதானே சொல்கிறார்கள், அதையும் காற்றெடுப்பு என்பதா? வேண்டாம். அதைத் 'திரவ மாற்று' என்று தனியாகவே வைப்போம். காரணம் இருக்கிறது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைத் திரவங்கள் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140. டாட் 4-க்கு அதே வரிசையில் 230, 155. பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வந்தால் பழைய திரவம் கொதித்து ஆவியாகும், ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும், பெடல் தரைக்குப் போகும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், காற்றெடுக்கப் போனால் ஒரு குமிழியும் வராது. 'காற்று இல்லை, எல்லாம் சரி' என்று வண்டிக்காரர் அடுத்த இறக்கத்துக்குக் கிளம்பிவிடக்கூடாது. அவருக்குத் தேவை திரவ மாற்று. இரண்டு சொல் இருந்தால் இரண்டு வேலை என்பது படிக்கும்போதே தெரியும்.

திரவம் என்று நான் விடாப்பிடியாக எழுதுவதும் அதனால்தான். எல்லாரும் பிரேக் ஆயில் என்கிறோம், பேச்சில் அது மாறப்போவதில்லை. ஆனால் கையேட்டில் 'பிரேக் எண்ணெய்' என்று நான் அச்சிட மாட்டேன். அந்தச் சிலிண்டர்களுக்குள் இருக்கும் ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் போகும். எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டாலே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம்வரை ரப்பர் அத்தனையும் மாற்ற நேரிடும். ஆயில் என்ற பெயரைப் பார்த்து யாரும் அப்படிச் செய்துவிடக்கூடாது. அப்புறம், டாட் 5 சிலிக்கோன் வகை, பெயர் அடுத்தடுத்து இருந்தாலும் டாட் 5.1-உடனோ மற்றவற்றுடனோ அதைக் கலக்கக்கூடாது என்பதையும் அதே பக்கத்தில் தடித்த எழுத்தில் போடப் போகிறேன்.

காற்றெடுப்பு பிரேக்குக்கு மட்டுமான சொல்லாக நிற்காது என்பதும் எனக்கு அதன்மேல் பிடிப்பு வரக் காரணம். திரவத்தால் இயங்கும் கிளட்சுக்கு அப்படியே பொருந்தும். டீசல் வண்டியில் வடிகட்டியை மாற்றியதும் வண்டி கிளம்பாமல் நின்றால் அது 'காற்றடைப்பு', வடிகட்டித் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டே திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விடுவது காற்றெடுப்பு. பழைய இயந்திரப் பம்பு எஞ்சினில் சுற்றவிட்டு இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றெடுப்பதும் வழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் 'காமன் ரெயில்' எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது, ஓடும்போது அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ரேடியேட்டர் தண்ணீர் மாற்றிய பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் குமிழியை வெளியேற்றுவதும் காற்றெடுப்புத்தான்.

'ஏர் இன்டேக்' உடன் குழம்பாதா என்று கேட்டவருக்கு: அதைக் காற்று உள்ளிழுப்பு என்று எழுதலாம், 'எடு' அங்கே தேவைப்படாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பவர் ஸ்டியரிங்கில் பெரும்பாலும் திருகே கிடையாது. முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் காற்று தானாகத் தொட்டிக்கு வந்து வெளியேறிவிடும். இப்படித் தானே காற்றை விடுகிற அமைப்பைத் தன்காற்றெடுப்பு என்றால் நாக்கில் தட்டுகிறது, தானியங்கு காற்றெடுப்பு என்றால் ஏதோ மோட்டார் வைத்தது போல ஒலிக்கிறது. பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அதையே எடுத்துக்கொள்வேன்.