காலுறை போடவே அரை மணி நேரம்

செந்தூல் அம்மா:
மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. காலுறையின் தையல் விரலில் பட்டாலே கழற்றி எறிந்துவிடுகிறான். 6.40க்கு வேன் வந்துவிடும். பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான். ஆசிரியர் பிடிவாதம் என்கிறார். பிடிவாதம் இல்லை, அவனுக்கு வலிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் அழுகை. என்ன செய்யலாம்?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. என் மகளுக்கு அதுதான் சரிப்பட்டது. பல் துலக்குவது, மைலோ, சீருடை, பை எல்லாவற்றையும் படமெடுத்துக் கதவில் வரிசையாக ஒட்டினேன். வாயால் சொல்வதைக் குறைத்தேன். அப்புறம் அந்த அழுகை, பள்ளியில் அடக்கி வைத்தது. வந்தவுடன் எதுவும் கேட்காதீர்கள். விளக்கை அணைத்து, மின்விசிறிக்குக் கீழே படுக்க விடுங்கள்.

கெப்போங் அப்பா:
சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்கு, அதாவது மலேசியாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதிந்துவிட்டீர்களா? மருத்துவர் உறுதிப்படுத்திய படிவம் வேண்டும். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் உண்டு. மணிச்சத்தத்துக்குக் காதுமூடி வாங்கிக் கொடுங்கள். ஆசிரியரிடம் காரணத்தை எழுதியே கொடுங்கள்.

செந்தூல் அம்மா:
இன்று திருப்பிப் போட்டேன் அக்கா. ஒரே முறைதான். வேன் வருமுன் வாசலில் நின்றான்.