கோத்தகிரி, குன்னூர் பக்கம் படப்பிடிப்புக்கு ஒரு பழைய வீடும் ஊர்த்தெருவும் வேண்டும், எப்படிப் பிடிப்பது?

திருப்பூர் தறி:

எல்லோருக்கும் வணக்கம். நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்கிறோம். பின்னால் கம்பெனி எதுவும் இல்லை, கைக்காசும் தெரிந்தவர்கள் கொடுத்ததும்தான். ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் கதை, முழுக்க நீலகிரியில் நடக்கிறது. யூனிட் 25 பேருக்குள், லைவ் சவுண்ட், அதாவது வசனத்தை எடுக்கிற இடத்திலேயே பதிகிறோம். பிப்ரவரியில் ஆரம்பிக்க எண்ணம், தள்ளிப்போனால் ஏப்ரல்.

முக்கியமாக வேண்டியது அந்த அம்மா குடியிருக்கும் வீடு. பங்களா வேண்டாம். ஓடோ தகரமோ போட்ட சாதாரணப் பழைய வீடு, முன்னால் கொஞ்சம் இடம், ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. ஊட்டியில் ஒரு புரோக்கர் காட்டியதெல்லாம் பாட்டு எடுத்து எடுத்துப் பழகிய பங்களாக்கள், வாடகை எங்களுக்கு எட்டவே எட்டாது, யாரும் வாழ்ந்த வீடு மாதிரியும் இல்லை. இணையத்தில் தேடினால் ஹோம்ஸ்டே படங்கள்தான் வருகின்றன. அது போக ஒரு படுகர் ஊர்த்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்ட், மலை ரயில் பிளாட்பாரத்தில் ஒரே ஒரு காட்சி. யாரைப் போய்ப் பார்ப்பது, எதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும், வீட்டுக்காரரிடம் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டபெட்டு பஸ்:

தம்பி, ஊட்டியை விடுங்கள். நீங்கள் சொல்லும் வீடு கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகக் குன்னூர் போகிற ரோட்டுக்குக் கீழேயும் மேலேயும் நிறைய இருக்கிறது. இந்தப் பக்கம் டாக்ஸி ஓட்டுகிறேன், யூனிட்டுகளுக்கும் வண்டி போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இந்த வீடுகள் எந்த இணையத்திலும் வராது, ஏனென்றால் அவை வாடகைக்கு விடுகிற வீடே இல்லை. பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள், இங்கே வயதான இரண்டு பேர் இருப்பார்கள், இல்லையென்றால் சாவியோடு ஒரு வாட்ச்மேன். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டுக்காரர் நல்ல மாதிரி என்பதெல்லாம் சிலிண்டர் போடுகிறவருக்கும் போஸ்ட்மேனுக்கும் பச்சைத் தேயிலை ஏற்ற வருகிற லாரி டிரைவருக்கும்தான் தெரியும். இரண்டு பேராக வந்து தங்கி, டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு கும்பலாக வந்தால் கேட்கிற வாடகையே வேறாகிவிடும்.

வீடு பிடித்துவிட்டதென்று உடனே கை கொடுத்துவிடாதீர்கள். காட்சி எந்த நேரத்தில் நடக்கிறதோ அதே நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு மூன்றரை மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், நீங்கள் சாயங்கால வெளிச்சம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தோட்டம் யாருடையது, எப்போது கவாத்து என்று கேட்டே ஆக வேண்டும். இன்றைக்குப் பச்சைப் பசேலென்று பார்த்துவிட்டுப் போவீர்கள், திரும்பி வரும்போது கவாத்து வெட்டியிருந்தால் வெறும் குச்சிதான் நிற்கும். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கைக்கூட வெட்டிவிடுவார்கள். கொழுந்து பறிக்கிற நாளில் நடுவில் போய் நின்று வேலையைக் கெடுத்தால் அன்றைய கூலி போய்விடும், அதையும் பேசி வையுங்கள்.

வீட்டுக்குள் போனதும் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதில் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருந்தால் உங்கள் லைட்டை அந்த வீட்டுக் கரண்டில் மாட்டவே கூடாது. பெரிய ஜெனரேட்டர் வேன் மேட்டுப்பாளையத்திலிருந்து எல்லாக் கொண்டை ஊசியையும் ஏறி வந்துவிடும், கடைசியில் வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்பாது. சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

உதவி இயக்கம்:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அனுமதி பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மலைப்பகுதியில் சின்ன யூனிட்டுகள் மாட்டுவது அங்கேதான்.

நீங்கள் ட்ரைபாட் வைக்கிற மண் யாருடையது என்று ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டால் போதும். பைன் காடு, ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டம் எல்லாம் வனத்துறை. தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா தோட்டக்கலைத் துறை. பஸ் ஸ்டாண்ட் அந்தந்த ஊர் நகராட்சி அல்லது பேரூராட்சி. ரோட்டை மறித்து எடுப்பதென்றால் போலீஸும் நெடுஞ்சாலைத் துறையும். தேயிலையில் டான்டீ தோட்டம் அரசுக் கழகத்துடையது, தலைமை அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. பக்கத்துச் சரிவு சிறு விவசாயியுடையது என்றால் அவரிடமே பேசி முடித்துக்கொள்ளலாம். பார்க்க இரண்டும் ஒரே பச்சைதான், அனுமதி வாங்க ஆகும் நாள்தான் வேறு. அரசு இடங்களுக்குச் சென்னையில் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போக வேண்டியிருக்கும், முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள். தனியார் வீடாகவே இருந்தாலும் எந்தத் தேதியில், எத்தனை பேர், எத்தனை வண்டி என்று லோக்கல் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குப் போன் போட்டால் அந்தக் கடிதம்தான் காப்பாற்றும்.

ஏப்ரலை மறந்துவிடுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சீசன். தோட்டக்கலைப் பூங்காக்களில் அந்த மாதங்களில் படப்பிடிப்புக்கு அனுமதி தருவது வழக்கமில்லை, மலர்க் கண்காட்சி வேறு. மே மாதக் கூட்டத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப் பாதையும் ஆக்கிவிடுவார்கள், உங்கள் சாப்பாட்டு வண்டி வந்து சேராது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஆட்கள் வருகிற வேனுக்கு எடுத்துவிட்டு, லைட் வருகிற வண்டிக்கு மறந்துவிட்டால் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே நிற்க வேண்டியதுதான். முடிந்தவரை டிஎன் 43 என்று நீலகிரியில் பதிவான வண்டிகளை இங்கேயே வாடகைக்கு எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இந்த மாவட்டத்தில் தடை, கேனும் எவர்சில்வர் டம்ளரும் புரொடக்‌ஷன் லிஸ்டில் இருக்கட்டும்.

டிரோன் ஷாட் எதுவும் மனதில் இருந்தால் குன்னூர் பக்கம் வேண்டாம். வெலிங்டனில் ராணுவக் கன்டோன்மென்ட், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூரிலிருந்து ஊட்டி போகிற பக்கம் இரண்டும் இருக்கின்றன. சாதாரணக் கேமராவைக்கூட அங்கே வெளியே எடுக்காதீர்கள்.

ரயில் காட்சி பற்றி: அது 2005-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரும் தெற்கு ரயில்வே. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சாக இருந்தாலும் சென்னைக்கு விண்ணப்பம், காட்சியின் வசனப் பக்கம், கட்டணம், காப்பீடு என்று முழுச் சடங்கும் உண்டு. ரயில்வே, தொல்லியல் துறை மாதிரி மத்திய அரசு இடங்களுக்கு இந்தியா சினி ஹப் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஒரே ஒரு காட்சிக்கு இவ்வளவு தேவையா என்று யோசியுங்கள். ஸ்டேஷனுக்குப் போகிற படிக்கட்டில் அந்த அம்மா நிற்க, கீழே வண்டி ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டால் கதைக்குப் போதாதா?

குன்னூர்க்காரி:

வீடு கொடுத்தவளாக நான் பேசுகிறேன். எங்கள் வீடு தாத்தா காலத்தது, மரத்தரை, ஹாலில் கணப்பு. பெயர் வேண்டாம், ஒரு யூனிட் வந்தது. குளிர்காலக் காட்சி என்று கணப்பில் விறகைப் பற்ற வைத்துவிட்டார்கள். மேலே புகைபோக்கியைத் தேனீ அடையாமல் இருக்கத் தகரம் வைத்து அடைத்திருந்தோம், யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகை முழுக்க ஹாலுக்குள் திரும்பி, கூரை மரம் கறுத்துப்போனது. வயர் ஓடாமல் இருக்கத் தரையில் ஒட்டிய டேப்பைப் பிய்த்து எடுத்தபோது பாலிஷும் கூடவே வந்துவிட்டது. மேனேஜரைக் கேட்டால் ஆர்ட் டிபார்ட்மெண்ட் என்றார், அவர்களைக் கேட்டால் லைட் டிபார்ட்மெண்ட். கடைசியில் யாரும் இல்லை.

அதன்பிறகு வந்த ஒரு சின்ன யூனிட்டுக்கும் பயந்துகொண்டேதான் சாவியைக் கொடுத்தேன். அவர்களிடம் ஒரு பெண், கலை உதவியாளர், ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அலமாரித் தட்டையும் போனில் படம் எடுத்து, பொருட்களை வரிசையாக எண் போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, முடிந்ததும் அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவர்கள் நாளைக்கே கேட்டாலும் வீட்டைக் கொடுப்பேன், காசு குறைவானாலும் சரி.

அதனால் நீங்கள் எழுத்தில் போட வேண்டியது: எந்தெந்த அறை, எது பூட்டியே இருக்கும். ஆணி, டேப், பெயிண்ட், நெருப்பு ஆகியவற்றுக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டுதான் செய்வோம் என்று. எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. ஏற்பாடு செய்கிற நாளுக்கும் ஒழுங்குபடுத்துகிற நாளுக்கும் வாடகை உண்டா. முன்பணம் தவிர சேதாரத்துக்கு ஒரு தொகை, அது எப்போது திரும்பும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒரே ஆள், அவர் பெயர். அப்புறம் யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று, கழிப்பறை. பழைய வீட்டு செப்டிக் டேங்க் 25 பேரைத் தாங்காது. பக்கத்தில் ஒரு வீட்டையோ லாட்ஜையோ அதற்கென்று எடுத்துவிடுங்கள். சமையலையும் சாப்பாட்டையும் வீட்டுக்கு வெளியே வைத்து, மிச்சத்தை அன்றன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். குழியில் கொட்டினால் ராத்திரி கரடி வந்து நிற்கும், யூனிட் போன பிறகும் வரும்.

ஹட்டி மகள்:

ஊர்த்தெருவுக்கு நான் சொல்கிறேன். எங்கள் படுகர் ஊர்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும், முன்வாசல் எல்லோருக்கும் பொதுவான நடமாட்டம். அதனால் ஒரு வீட்டுக்காரர் சரி என்றால் தெரு சரி என்று ஆகிவிடாது. முதலில் ஊர்த் தலைவரான கௌடரைப் பாருங்கள். அவர் பெரியவர்களைக் கூட்டிப் பேசிவிட்டுச் சொல்வார், அன்றைக்கே பதில் கேட்டு நிற்காதீர்கள். கதையை முழுதாகச் சொல்லுங்கள், எங்கள் ஆட்களை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். வெள்ளை முண்டும் தலைக்கட்டும் கட்டிய பாட்டியைப் பின்னணி அழகுக்காக உட்கார வைத்து எடுத்துவிட்டுப் போன யூனிட்டுகளை ஊர் மறப்பதில்லை. பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள், அவருக்கும் ஒரு சம்பளம் போடுங்கள். ஊருக்குக் கொடுப்பதை ஊர்ப் பொதுவில் கொடுங்கள், ஒரு தனி ஆள் கையில் வேண்டாம்.

மார்கழியில் எங்கள் தெய்வம் ஹெத்தையம்மன் பண்டிகை நேரத்தில் வரவே வேண்டாம், விரதம் இருப்பார்கள், கோயில் பக்கம் செருப்போடு யாரும் போக முடியாது. கோயிலைப் படம் எடுப்பது கேட்டுத்தான். ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும், நீங்களும் பேக்கப் சொல்லிவிட்டு வந்து நிற்க வேண்டும், நிற்பீர்கள் என்றால் அடுத்த நாள் உங்களுக்கு ஊரே உதவும். மார்ச் என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, மைக்கில் கத்தாதீர்கள். தோடர்கள் குடியிருக்கிற மந்துக்கும் இதையேதான் சொல்வேன், அங்கே கோயில் பக்கம் போகவே கூடாது.

பூம் மைக்:

லைவ் சவுண்ட் என்றதால் எழுதுகிறேன். தகரக் கூரை வேண்டாம். மழை பெய்தால் மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பார்கள். காலையில் குளிர்ந்து கிடக்கிற தகரத்தில் வெயில் விழ ஆரம்பித்ததும் டக், டக் என்று விட்டு விட்டு வெடிக்கும், சாயங்காலம் ஆறும்போது மறுபடியும். அமைதியான வசனத்தில் அதை எடுத்து எறியவே முடியாது. ஓட்டு வீடு பாருங்கள். ரோட்டு வளைவுக்கு நேர் மேலே இருக்கிற வீடும் வேண்டாம், ஒவ்வொரு பஸ்ஸும் வளைவில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி இருந்தால் ராத்திரியும் பகலும் ஒரு ரீங்காரம் இருக்கும், கண்ணை மூடிப் பத்து நிமிடம் வாசலில் நின்று கேளுங்கள். மூடுபனி இறங்கினால் பின்னணிச் சத்தமே மாறிவிடும், அதனால் வசனம் இல்லாமல் வெறும் சத்தத்தை இரண்டு நேரத்திலும் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் தறி:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏப்ரலை அடித்துவிட்டோம். பிப்ரவரி முதல் வாரமே ஆரம்பிக்கிறோம், இல்லையென்றால் அடுத்த வருடம்தான். ரயில் காட்சி படிக்கட்டுக்கு மாறுகிறது, எழுதியவரே அது நன்றாக இருக்கும் என்கிறார். நானும் கேமராமேனும் மட்டும் பஸ்ஸில் வருகிறோம். கட்டபெட்டு அண்ணா, இரண்டு நாள் கூட வர முடியுமா? பெட்ரோல், பேட்டா கொடுத்துவிடுகிறோம். பிப்ரவரி தவறினால் அக்டோபர், நவம்பர் எப்படி இருக்கும்?

கட்டபெட்டு பஸ்:

வருகிறேன் தம்பி. அக்டோபர், நவம்பர் வேண்டாம், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்கு மழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரோடு அடைத்தால் யூனிட்டோடு மாட்டிக்கொள்வீர்கள். போன் நம்பரை இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஓட்டு வீடு என்று முடிவானதால் கட்டபெட்டுக்குக் கீழே இரண்டு வீடு, அரவேணு பக்கம் ஒன்று மனதில் இருக்கிறது. வீட்டுக்காரர்களிடம் முதலில் நான் பேசி வைக்கிறேன். அந்த அம்மா கதையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள், பெரியவர்கள் படித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.