மறு: 'ரூட்' – கிளைக்கதையா, கதைத்தடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

படமும் இசையும் சேர, திரையில் வாசித்துக்கொண்டே போகும் கதை விளையாட்டான விஷுவல் நாவலுக்குக் 'காட்சிப் புதினம்' என்று முடிவானதில் மகிழ்ச்சி. அத்துறைச் சொற்களுக்குத் தமிழ் தேடி ஐயா அனுப்பிய அடுத்த பட்டியலையும் படித்தேன். அதில் ஒரு சொல்லை மட்டும் ஏற்க மனம் வரவில்லை.

> ரூட்: வாசகரின் தேர்வுக்கேற்பப் பிரிந்து செல்லும் கதைப்பகுதி. கிளைக்கதை எனலாம்.

கிளைக்கதை என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. பாரதத்துக்குள் வரும் நளன் கதையும் சாவித்திரி கதையும் கிளைக்கதைகள். அவற்றைக் கேட்டு முடித்ததும் பெருங்கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். ரூட் என்பது அப்படி நடுவில் வந்து போவதில்லை. முடிவு வரைக்கும் அதுதான் கதை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார்.

இதைவிடப் பெரிய தடை, இந்த வகைப் படைப்புகள் கதை சொல்லும் முறையிலேயே இருக்கிறது. பள்ளியில் நடக்கும் அமானுஷ்ய மர்மக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை இத்துறைக்கு ஓர் ஓரத்து விஷயம் இல்லை. 'விஷுவல் நாவல்' என்ற பெயரைத் தன் வரிசைக்குச் சூட்டிய ஜப்பானிய லீஃப் நிறுவனம், அதில் முதலாவதாக 1996-ல் வெளியிட்ட 'ஷிசுகு'வே, இரவில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு மாணவன் தேடிப் போகும் கதைதான். ஆகவே இந்தக் கதைகளுக்குப் பொருந்தாத சொல் நமக்கு உதவாது.

1995-ல் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த 'கக்கோ தே அத்தா கொவாய் ஹனாஷி'யைப் பாருங்கள். 'பள்ளியில் நடந்த திகில் கதைகள்' என்று பொருள். ஜப்பானியப் பள்ளிகளில் 'ஏழு மர்மங்கள்' என்று வழிவழியாகப் பேசிக்கொள்வார்களே, அதைப் பற்றி மாணவர் செய்தித்தாளில் எழுத வேண்டும். பள்ளி விட்ட பிறகு செய்தித்தாள் மன்ற அறையில் கதை சொல்ல ஏழு பேர் வர வேண்டும். ஆறு பேர் வந்துவிட்டார்கள், ஏழாமவர் வரவில்லை. சரி, இருப்பவர்களை வைத்துத் தொடங்கலாம் என்று சகாகாமி என்ற முதலாண்டு மாணவன் உட்காருகிறான். யாரை முதலில் பேசச் சொல்வது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவரை முதலாவதாக அழைத்தால் ஒரு கதை, அவரையே நான்காவதாக அழைத்தால் வேறொரு கதை. ஆறு பேரும் முடித்த பின்பும் ஏழாவது கதை என்று ஒன்று காத்திருக்கிறது.

இதில் கிளை எங்கே இருக்கிறது? நாம் எதிலிருந்தும் பிரிந்து போகவில்லை. அதே அறைக்கு, அதே நாற்காலிகளுக்குத் திரும்பி வந்து வேறு வரிசையில் கேட்கிறோம். சகாகாமிக்கு எதுவும் நினைவிருக்காது. நமக்கு இருக்கும். போன முறை ஒருவர் சொன்ன கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த முறை அவர் சிரிக்கும்போது சந்தேகப்படுகிறோம். பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பதில்தான் இந்தக் கதைகளின் அச்சமே பிறக்கிறது.

'ஹிகுராஷி நோ நாகு கொரோ நி' இன்னும் தெளிவான சான்று. ரியூகிஷி07 எழுதியது, 2002 ஆகஸ்டில் தொடங்கி 2006 ஆகஸ்டில் எட்டாம் பகுதியோடு முடிந்தது. ஹினாமிசாவா என்ற மலைக்கிராமம், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் படிக்கும் சிறு பள்ளி, ஆண்டுதோறும் திருவிழா இரவில் ஒருவர் சாவதும் ஒருவர் காணாமல் போவதும். இதில் தேர்வு செய்ய எதுவுமே கிடையாது, வாசித்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஆனால் 1983 ஜூன் மாதம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பகுதியில் தோழிகள் கொண்டுவந்து தரும் ஒஹாகியைக் கடிக்கிறான் கதாநாயகன் கெய்ச்சி. சோற்று உருண்டைமேல் இனிப்புப் பயற்று விழுது பூசிய பண்டம் அது. உள்ளே ஊசி இருந்ததாக நம்பி நடுங்குகிறான். அவனோடு சேர்ந்து நாமும் அந்தப் பெண்களைப் பார்த்துப் பயப்படுகிறோம். மற்றப் பகுதிகளை வாசித்துவிட்டு அதே காட்சிக்குத் திரும்பினால் அது வேறு மாதிரி தெரிகிறது. எப்படி என்று இங்கே சொல்ல மாட்டேன். இன்னும் படிக்காதவர்கள் குழுவில் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதிகளுக்குக் 'காண்டம்' என்று வைக்கலாமே என்று ஒரு மடல் வந்திருந்தது. காண்டம் என்றால் ஒன்று முடிந்து அடுத்தது தொடர வேண்டும். இங்கே ஒவ்வொன்றும் அதே ஜூன் மாதத்துக்குத் திரும்பிவிடுகிறதே.

அதனால் 'கதைத்தடம்' என்பதை முன்வைக்கிறேன். வழித்தடம் என்று பேருந்துக்குச் சொல்கிறோம், எனவே ரூட்டுக்கு அது புதிய சொல்லும் அல்ல. ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் விழுவதும் தடம்தான். மர்மக் கதைக்கு வேண்டிய தடயமும் அதே குடும்பம். புழக்கத்திலும் எளிதாக நிற்கிறது: பொதுத்தடம் (எல்லாருக்கும் பொதுவான தொடக்கப் பகுதி), மெய்த்தடம் (உண்மையான முடிவுக்குச் செல்வது), 'இரண்டு தடங்களை முடித்தால் மூன்றாவது திறக்கும்', 'அந்த ஒரு தேர்வில் தடம் மாறிவிட்டது'. ஹிகுராஷியின் முதல் நான்கு பகுதிகள் வினா எழுப்புபவை, அடுத்த நான்கு விடை சொல்பவை. அவற்றை வினாத்தடம், விடைத்தடம் எனலாம். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல் தாங்குகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இசைத்துறையில் 'டிராக்' என்பதற்கும் தடம் என்றே எழுதுகிறார்கள். இந்தப் படைப்புகளில் இசைக்கும் பெரிய இடம் இருப்பதால், கட்டுரையில் முதல் முறை 'கதைத்தடம்' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'தடம்' என்று சுருக்கலாம்.

பட்டியலில் அடுத்து நிற்கும் 'ஃப்ளாக்'குக்குக் 'கொடி' என்று இருக்கிறது. அது வேண்டாம். கதை, கிளை, கொடி என்று அடுத்தடுத்து வந்தால் எல்லாரும் செடிகொடியைத்தான் நினைப்பார்கள். நாம் செய்த தேர்வை நிரல் தன் நினைவில் பதிந்து வைப்பதால், 'நினைவுக்குறி' பொருந்தும் என்று தோன்றுகிறது. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, மேலான சொல் வந்தால் ஏற்பேன்.

கதைத்தடத்துக்கு அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

கதைத்தடம் (பெ.): காட்சிப் புதினத்தில், ஒரே தொடக்கச் சூழலிலிருந்து வாசகர் ஒரு முறை சென்று முடிக்கும் கதைப்போக்கு, தேர்வுகளாலோ ஆசிரியர் வகுத்த வரிசையாலோ அமைவது.

'ஒரே தொடக்கச் சூழல்' என்பது சற்று இறுக்கமாக இருக்கிறதோ என்று ஐயம். ஐயாவும் மற்றவர்களும் திருத்தித் தரவும்.

அன்புடன்.