என் செய்தி, இன்னொருவர் பெயர்: எப்படிக் கேட்பது?

நிலாவெளிப் பெண்:
திருகோணமலையில் ஏழு வருடமாகப் பிரதேச நிருபராக இருக்கிறேன். மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாதை என்கிற மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தபோது கிண்ணியாவுக்கு ஓடினேன். ஆண் நிருபர்கள் வைத்தியசாலை வாசலில் நின்றார்கள். பெண்கள் இருந்த பக்கம் என்னை மட்டும் விட்டார்கள். மகள் உள்ளே சிகிச்சையில் இருக்க, ஒரு தாய் அவளுடைய நனைந்த கொப்பியைத் தாள் தாளாகப் பிரித்து, கிழிந்துவிடாமல் ஊதி ஊதி உலர்த்திக்கொண்டிருந்தார். அங்கே பேனாவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீடு வந்துதான் எழுதினேன். மறுநாள் பத்திரிகையில் அந்தத் தாய் இருந்தார், கொப்பி இருந்தது. பெயர் மட்டும் வாசலில் நின்ற ஒருவருடையது. கேட்டேன். "பெரிய செய்தி தங்கச்சி, உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்றார் ஆசிரியர். இன்றுவரை இதே கதை. கோலப் போட்டியும் சமையலும் எனக்கு. பொலிஸ், நீதிமன்றம், துறைமுகம் அவர்களுக்கு.

உப்புவெளி அக்கா:
பாதுகாப்பா? கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படமெடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன், 2006 ஜனவரி 24 அன்று இதே ஊரில் சுடப்பட்டு இறந்தார். அப்போது நானும் நிருபர்தான். ஆபத்து எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது; வீட்டில் இருக்கச் சொன்னது என்னை மட்டும்.
இனிச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள் தங்கச்சி. மின்னஞ்சலில் அனுப்பினால் நேரம் பதிவாகும். மாத முடிவில் பிரசுரமான துண்டுகளை வெட்டி, மின்னஞ்சல் பிரதியோடு கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஆசிரியரிடம் மரியாதை கேட்டால் மழுப்புவார். கணக்குப் பிரிவில் காசு கேட்டால் யாராவது எழுத்தில் பதில் தர வேண்டிவரும்.

மூதூர் நிருபர்:
ஒரு பெண் எழுதிய செய்தி என் பெயரில் வந்திருக்கிறது. காசையும் வாங்கினேன், வாய் திறக்கவில்லை. அது திருட்டு. அவர் கடிதம் எழுதினால் சாட்சியாகக் கையெழுத்திடுவேன் என்று போன வாரம்தான் அவரிடம் சொன்னேன். உங்கள் செய்தியில் பெயர் வந்தவரிடமும் நேரே கேளுங்கள்.

நிலாவெளிப் பெண்:
நேற்றிரவு நான்கு மாதத் துண்டுகளை வெட்டினேன். பதினொன்று இருக்கிறது. அக்கா, குறிஞ்சாக்கேணிச் செய்தி பழையதாகிவிட்டதே, அதையும் சேர்க்கலாமா?

உப்புவெளி அக்கா:
சேருங்கள். அதை முதல் தாளாக வையுங்கள்.