மறு: ‘மிஸ்டரி கால்’ தமிழில் என்ன? ‘நொடிப்பின்னல்’ என்று வைப்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு, கிளிநொச்சியிலிருந்து வணக்கம்.

‘மிஸ்டரி கால்’ என்ற பின்னல் விளையாட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். ‘மர்மப் பின்னல்’, ‘புதிர்ப் பின்னல்’, ‘ஊகப் பின்னல்’, ‘பிசிப் பின்னல்’ ஆகியவை இதுவரை வந்திருக்கின்றன. நான் இன்னொன்றை முன்வைக்கிறேன்: நொடிப்பின்னல். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுமத்தில் பின்னல் பழக்கமில்லாதவர்களும் இருப்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) பின்னுகிற பலர் ஒரே மாதிரியை ஒரே காலத்தில் சேர்ந்து பின்னுவதற்குக் ‘கூட்டுப்பின்னல்’ என்று முந்திய இழையில் முடிவு கண்டோம். அதில் ஒரு வகை, கடைசியில் என்ன உருவம் வரும் என்பதை மறைத்துக்கொண்டு, மாதிரியைக் கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு துண்டாக விடுவது. பின்னுகிறவருக்கு நூலின் அளவு தெரியும், ஊசியின் இலக்கம் தெரியும், அந்தக் கிழமைக்குரிய சுற்றுகள் தெரியும். மேசைவிரிப்பா, சால்வையா, பொம்மையா என்பது தெரியாது. ஊகித்தபடியே பின்ன வேண்டும். ஆங்கிலக்காரர் கூட்டுப்பின்னலைக் ‘குரோஷே-அலோங்’ (crochet-along) என்று சொல்லி, அதைச் சுருக்கிக் ‘கால்’ (CAL) என்கிறார்கள். மறைத்து விடுகிற இந்த வகை ‘மிஸ்டரி கால்’. தமிழில் அது காலாகவும் கால்வாசியாகவும் வாசிக்கப்படும் என்பதால் அப்படியே எடுக்க வழியில்லை.

எனக்கு இந்தச் சொல் உடனடியாகத் தேவைப்படுகிறது. முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா, கிளிநொச்சி என்று வன்னி முழுக்க உள்ள பெண்களும், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களும் சேர்ந்த ஒரு வட்ஸ்அப் குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன். றேந்தை (லேஸ்) பின்னத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் குறைவில்லை. ஆனால் குழுவில் படம் போடுகிறவர்கள் எப்போதும் அதே சிலர்தான். மற்றவர்கள் பார்ப்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். பாதியில் நிற்கிற வேலையைப் படம் எடுத்துப் போடக் கூச்சம். சிலருக்கு நூல் வாங்கக் கையில் காசிருக்காது. வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும், அதுவும் பிள்ளைகளின் கையில். இவர்களிடம் ‘உங்கள் வேலையைக் காட்டுங்கோ’ என்று கேட்டால் பதில் வராது. ‘இது என்னவாய் வரும், சொல்லுங்கோ பாப்பம்’ என்று கேட்டால் வருகிறது. ஊகம் சொல்ல நூல் தேவையில்லை. ஒரு சொல் போதும், அல்லது ஒரு குரல் பதிவு.

ஒரு முறை சுற்றுக்கு எத்தனை கண்ணி என்ற இலக்கங்களை மட்டும் போட்டேன்: 6, 12, 18, 24, 30. பின்னத் தெரிந்தவர்களுக்கு இது வட்டம் என்று உடனே விளங்கும். குட்டைக் கண்ணியில் ஆறில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் வட்டம் தட்டையாகப் படுக்கும். கூடுதலாகக் கூட்டினால் ஓரம் சுருண்டு அலையடிக்கும், குறைத்துக் கூட்டினால் கிண்ணம்போலக் குவியும். எல்லோரும் ‘மேசைவிரிப்பு’ என்று எழுதினார்கள். பிறகு அடுத்த வரியைப் போட்டேன்: 30, 30, 30. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. முள்ளியவளைப் பக்கத்து அம்மா ஒருவர், பேத்தியின் போனில், முதன்முறையாகக் குரல் பதிவு அனுப்பினார்: “அடி முடிஞ்சுது பிள்ளை, இனிச் சுவர் எழும்பும். பெட்டிதான்.” அவர் குரோஷே ஊசி பிடித்தவரில்லை. காலமெல்லாம் பனையோலைப் பெட்டி இழைத்தவர். அடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே எழும்புகிறது என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. விடை மூடுபெட்டிதான். அன்றைக்குப் பிறகு ஓலைக்காரர்களும் எங்கள் குழுவுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த விளையாட்டுக்குத்தான் பெயர் தேடுகிறேன். வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> ‘மர்மப் பின்னல்’ எல்லோருக்கும் புரியும், மூலத்துக்கும் நெருக்கம்.

புரியும் என்பது சரி. ஆனால் மர்மம் என்றதும் கொலையும் துப்பறிதலும் முன்னுக்கு வந்து நிற்கின்றன. இன்னொன்று, மர்மத்தை ஒருவர் கட்டிவைப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்கிறவரும் சொல்கிறவரும் எதிரெதிரே இருந்து ஆடுகிற ஆட்டம் அந்தச் சொல்லில் இல்லை. எனக்கு அந்த எதிர்க்குரல்தான் முக்கியம்.

> ‘புதிர்’ இருக்க வேறு சொல் எதற்கு?

புதிர் எனக்கும் விருப்பமான சொல்தான். பொது எழுத்தில் அது நன்றாக நிலைத்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் புதிர் என்றால் முதலில் நெல். தை மாதத்தில் முதல் விளைச்சலை எடுத்துக் கோயிலுக்கும் வீட்டுக்கும் படைப்பதைப் ‘புதிர் எடுத்தல்’ என்கிறோம். நல்லூரிலும் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் விழா நடக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண்ணிடம் ‘தையில் புதிர்ப் பின்னல் தொடங்குது’ என்று சொன்னால், கதிர் பின்னித் தோரணம் கட்டுவதென்றுதான் நினைப்பார். அது வேறு ஒரு நல்ல வேலைக்குரிய பெயர். அதற்கே இருக்கட்டும்.

> தொல்காப்பியத்தில் ‘பிசி’ இருக்கிறது. பழைய சொல்லை உயிர்ப்பிக்கலாமே.

பிசி என்பது விடுகதைக்குப் பழைய பெயர். தொல்காப்பியத்தின் செய்யுளியல் அதை இரண்டாகப் பிரிப்பது இந்த இழைக்கு நேரடியாக உதவுகிறது: ஒப்புமையால் மறைத்துச் சொல்வது ஒன்று, வெளியில் தெரிவதைச் சொல்லி அதிலிருந்து விடையைத் துணியவைப்பது மற்றது. எங்கள் ஆட்டத்திலும் இரண்டும் உண்டு. மேலே சொன்ன இலக்க ஆட்டம் இரண்டாவது வகை. முதல் வகைக்குக் குழுவில் ஒரு தங்கச்சி கட்டியதைத் தருகிறேன்: ‘ஒற்றைப் பல்லன், ஓயாமல் கடிப்பான், கடிச்சதெல்லாம் பூவாய் விரியும்.’ விடை குரோஷே ஊசி. ஆகவே அந்த இலக்கணப் பிரிவை எடுத்துக்கொள்வோம். சொல்லை எடுக்க முடியாது. ‘பிசியாயிருக்கிறன்’ என்றால் ‘வேலையாயிருக்கிறன்’ என்றுதான் இன்று எல்லோருக்கும் விளங்கும்.

> ‘ஊகப் பின்னல்’ தெளிவானது, குழப்பமில்லாதது.

தெளிவானதுதான். ஊகம் என்ற சொல்லை நானே இந்த மடலில் ஓயாமல் பாவிக்கிறேன், விடை சொல்கிறவரின் பக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஆட்டம் முழுவதற்கும் பெயராக வைத்தால் கேட்பவரின் பக்கம் விடுபட்டுப்போகும்.

தனிமடலில் ஒருவர் ‘குத்துமதிப்புப் பின்னல்’ என்றும் எழுதியிருந்தார். அதற்கு நான் உடன்படமாட்டேன். ஊகம் என்பது குருட்டாம்போக்கு இல்லை. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் பப்பாப்பழத்தைக் காட்டி ‘உள்ளே எத்தனை விதை’ என்று கேட்பார்களே, அதில் வெல்லுகிறவர் பெரும்பாலும் தோட்டம் செய்கிறவராக இருப்பார். பலருடைய ஊகங்கள் சேர்ந்தால் இன்னும் வலுக்கும். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில், மாட்டை வெட்டித் துப்புரவாக்கினால் எத்தனை இறாத்தல் நிற்கும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிவியலாளர் அந்தச் சீட்டுகளில் 787ஐ அடுக்கிப் பார்த்து அடுத்த ஆண்டு எழுதினார்: நடுவில் நின்ற ஊகம் 1207 இறாத்தல், உண்மை நிறை 1198. இதைப் படித்ததிலிருந்து எங்கள் குழுவிலும் எண்ணிக்கைக் கேள்வி வந்தால் எல்லா ஊகங்களையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதையும் அறிவிக்கிறேன். தனியாள் வெல்வதைவிட ‘எல்லாருமாய்க் கிட்டப் போயிட்டம்’ என்பதில் பெண்களுக்குச் சந்தோசம் கூட.

இனி நொடிக்கு வருகிறேன். வன்னியில் விடுகதைக்கு நொடி என்பது வழக்கிலுள்ள பேச்சு. நொடி போடுவார்கள், நொடி அவிழ்ப்பார்கள், அவிழ்க்கத் தெரியாதவர் ‘தோத்தன், சொல்லுங்கோ’ என்பார். கேட்கிறவருக்கு ஒரு வினை, விடை சொல்கிறவருக்கு ஒரு வினை என்று இரண்டும் சொல்லோடு தயாராகவே இருக்கின்றன, நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. ‘அவிழ்’ பின்னலுக்கும் உரிய சொல் என்பதால் அது இன்னும் இயல்பாக உட்காருகிறது. மர்மத்தையோ ஊகத்தையோ வைத்து இப்படி ஒரு குடும்பச் சொற்களை ஆக்கிப் பாருங்கள், வராது.

தடைகள் இரண்டு வந்திருக்கின்றன. கோவை ஐயா கேட்டது: தமிழ்நாட்டில் நொடி என்றால் காலம், ‘நொடிப்பின்னல்’ என்றால் விரைவாகப் பின்னுவது என்று கொள்ளமாட்டார்களா? நியாயமான கேள்வி. இலங்கைப் பாடநூல்களில் கால அளவுக்குச் ‘செக்கன்’ என்றே எழுதுவதால் எங்களுக்கு இந்த மயக்கம் குறைவு, உங்களுக்கு இருக்கும். முதல் தடவை வரும் இடத்தில் ‘விடுகதை முறைக் கூட்டுப்பின்னல்’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிடலாம். அந்த விளக்கத்தையே கலைச்சொல்லாக வைக்கலாமே என்றால், அவ்வளவு நீளமான ஒன்றை ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

ரொறன்ரோ அக்கா கேட்டது மனதைத் தொட்டது: ‘நொடிந்து போதல்’ நினைவுக்கு வராதா, அதுவும் வன்னியில்? நானும் அதை யோசித்தேன். நொடிந்துபோன வீடுகள் எங்களைச் சுற்றி உண்டு. ஆகவே குழுவிலேயே கேட்டேன். ‘நொடி போடுறம் என்றால் சிரிப்புத்தான் வருகுது, மற்றது வேற சொல்லு’ என்று பதில் வந்தது. பேசுகிறவர்களின் காதுக்கு இவை இரண்டும் ஒட்டவில்லை என்றால் நமக்குத் தடையில்லை.

தலைச்சொல்லை ஏற்றால் கூடவே வேண்டியவை: கிழமைக்கு வெளியாகும் துண்டுக்குத் ‘தவணை’. பள்ளிக்கூடத் தவணை எல்லோருக்கும் தெரியும், ‘இரண்டாம் தவணை வந்திட்டுது’ என்றால் விளக்கம் தேவையில்லை. விடையை முந்திச் சொல்லி மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுப்பதற்குப் ‘போட்டுடைப்பு’. உண்மையைப் போட்டுடைத்தான் என்ற வழக்கிலிருந்து எடுத்தது. இதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். குழுவில் சண்டை வருகிற ஒரே இடம் இதுதான், ‘போட்டுடைக்காதேங்கோ’ என்று ஒரு சொல்லில் நிறுத்த முடிகிறது.

நடத்துகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. முந்தியவருக்கே பரிசு என்று வைக்காதீர்கள். ஒருவருக்கு டேட்டா முடிந்திருக்கும், ஒருவருக்கு மின்சாரம் நின்றிருக்கும், கனடாவில் ஒருவர் நித்திரையில் இருப்பார். நாங்கள் அடுத்த நாள் இரவு 9 மணி வரைக்கும் வரும் எல்லா விடைகளையும் ஒன்றாகவே எடுக்கிறோம். அவிழ்த்தவருக்குப் பரிசு அடுத்த நொடியைப் போடும் உரிமை. மற்றது, கண்ணியின் பெயர் எந்த முறையில் என்று முதலிலேயே சொல்லுங்கள். குட்டைக் கண்ணிக்கு அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதுதான் பிரித்தானிய முறையில் டபிள். அமெரிக்கர் டபிள் என்னும் உயரக் கண்ணிக்கு வட்டம் வழக்கமாகப் பன்னிரண்டில் தொடங்கிப் பன்னிரண்டாகக் கூடும். முறை மாறினால் நொடியே பொய்த்துப்போகும்.

கையிலிருக்கும் நூல் உருண்டை கடைசிச் சுற்று வரைக்கும் போதுமா என்று பந்தயம்போல ஆடுவதற்கும் ஆங்கிலத்தில் கோழியை வைத்து ஒரு பெயர் உண்டு. நாங்கள் ‘காணுமோ’ (போதுமோ) என்கிறோம். சமையல் தராசில் ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்துப் பார்த்து, மீதிச் சுற்றுகளுக்குக் கணக்குப் போடுவது. வட்டத்தில் சுற்றுக்குச் சுற்று நூல் கூடுதலாகப் போகும் என்பதை மறந்தவர்கள் தோற்பார்கள். ‘காணும்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் வேறு பொருள் என்று தெரியும், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

அடுத்த கூட்டுப்பின்னலின் முதலாம் தவணையை வரும் வெள்ளிக்கிழமை விடுகிறேன். அதன் தலைப்பில் ‘நொடிப்பின்னல்’ என்று போட விரும்புகிறேன். வியாழனுக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘தவணை’க்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றத் தயார்.

குழுமத்துக்கும் ஒரு நொடி போடுகிறேன். குட்டைக் கண்ணி, சுற்றுச் சுற்றாக: 6, 12, 18, 24, 30, 36. பிறகு ஆறு சுற்றுக்கு 36. பிறகு 30, 24, 18. இரண்டு சுற்றுக்கு 18. கடைசியில் 24, 30. என்ன பொருள்? விடையைத் தனிமடலில் அனுப்புங்கள், இழையில் போட்டுடைக்க வேண்டாம்.

அன்புடன்.