ஹாரோ கவுன்சில் தேர்தல்: வாசலில், சாவடியில், எண்ணும் மேசையில்

ரெய்னர்ஸ் லேன்வாசி:

லண்டனின் வடமேற்கில் இருக்கும் ஹாரோவில் 2022 மே 5-இல் நடந்த கவுன்சில் தேர்தலுக்கு ஒரு கட்சிக்காகக் கதவு தட்டினேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அந்தச் சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது. வேலை செய்தவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், போடாமல் விட்டவர்கள், எல்லோரும் அவரவர் பார்த்ததை எழுதுங்கள்.

நம் ஊர்த் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தேர்தல் மாதிரியே இல்லை. மைக் இல்லை, வேன் இல்லை, சுவரெழுத்து இல்லை. சனிக்கிழமை காலையில் நாலைந்து பேர் ஒரு தெருமுனையில் கூடுவோம். ஒருவர் கையில் வாக்காளர் பட்டியல். அவர் வீட்டு எண்ணையும் பெயரையும் சொல்வார், நாங்கள் போய்த் தட்டிவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும்: நம்ம ஆள், எதிராள், யோசிக்கிறார், வீட்டில் இல்லை. பெரும்பாலும் கடைசிதான். யாருடைய மனதையும் மாற்றுவது அல்ல நோக்கம் என்பது எனக்குக் கொஞ்ச நேரத்திலேயே புரிந்துவிட்டது. நம்ம ஆட்கள் யார் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, தேர்தல் நாளன்று அவர்களை வீட்டைவிட்டுக் கிளப்புவது, அவ்வளவுதான். உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு பேர் ஓட்டுப் போடுவதே பல ஊர்களில் வழக்கம். அதனால் கிளப்பத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

துண்டறிக்கை போடுவது தனி வித்தை. கதவில் இருக்கும் லெட்டர்பாக்ஸுக்கு உள்ளே பிரஷ் மாதிரி முடி இருக்கும், காகிதம் மடங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். கையை விட்டுத் தள்ளினால் அந்தப் பக்கம் நாய் காத்திருக்கும். அனுபவசாலிகள் சமையலறை மரக்கரண்டி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார்கள். அறிக்கையை அதன் மேல் வைத்து உள்ளே தள்ளினால் விரல் தப்பும்.

வாசலில் பேச்சு என்றால் குப்பைதான். தோட்டக் கழிவு போடும் பிரவுன் பின்னுக்கு (குப்பைத் தொட்டிக்கு) தனியாகக் காசு கேட்கிறார்களே என்று அரை மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் பார்க்கிங், அப்புறம் ஸ்டேஷன் பக்கம் எழும்பும் உயரமான ஃபிளாட்டுகள். கவுன்சில் பணத்தில் பெரும்பகுதியை விழுங்குவது முதியோர், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகள் பராமரிப்புச் செலவு. அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் கதவைத் திறந்தார். இலங்கையில் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசை நின்ற ஏப்ரல் மாதம் அது. நான் ரோட்டுப் பள்ளங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, உதெல்லாம் சரி. அங்க கரண்டும் இல்லை, காஸும் இல்லை. உங்கட கவுன்சில் அதுக்கு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது ஐயா. பின் எடுக்கிறதுதான் எங்க வேலை."

"அதையாவது ஒழுங்கா எடுப்பினமோ?"

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பட்டியலில் அவரை "யோசிக்கிறார்" என்று போட்டேன்.

சாவடி அக்கா:

நான் பல தேர்தல்களில் போல் கிளார்க்காக, அதாவது சாவடியில் சீட்டுக் கொடுக்கும் ஊழியராக, உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சாவடி என்று சொல்ல மாட்டேன். காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவோம். அதற்கு முன்னாலேயே போய் மேசை போட வேண்டும், பெட்டி காலி என்று காட்டிச் சீல் வைக்க வேண்டும். இடையில் வெளியே போக முடியாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடம், சர்ச் ஹால், லைப்ரரி என்று இடம் மாறும். குளிர் மட்டும் எங்கேயும் மாறாது.

கூண்டுக்குள் நூலில் கட்டிய பென்சில் இருக்கும். அழித்துவிடுவார்கள் என்று பயந்து சொந்தப் பேனாவோடு வருகிறவர்கள் உண்டு, அதற்குத் தடையில்லை. சீட்டை மடிக்கும்போது மை மறுபக்கம் ஒட்டிவிடும் என்றுதான் பென்சில் வைத்திருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு வருவதும் சகஜம்.

2022-இல் பெயரும் முகவரியும் சொன்னால் போதும், சீட்டுக் கொடுத்துவிடுவோம். போட்டோ அடையாளம் கேட்கும் முறை இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 2023 மே மாதம் வந்தது. லண்டன்காரர்களுக்கு 2024 மேயர் தேர்தலில்தான் அது முதலில் உறைத்தது. அன்றைக்கு ஒரு காலேஜ் பையன் மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் கார்டை (பஸ், ரயில் பயணக் கார்டு) நீட்டினான். போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் செல்லாது. அவனுக்குப் பின்னால் நின்ற தாத்தா முதியோருக்கான ஆய்ஸ்டர் கார்டை நீட்டினார். அது செல்லும்! பையன் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் போட்டவர்களிடமும் சரியான பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரவு 9:50-க்கு பாஸ்போர்ட்டோடு ஓடி வந்தான், போட்டுவிட்டுத்தான் போனான். அதே நாளில் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் போரிஸ் ஜான்சனையும் அடையாளம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவருடைய அரசுதான்.

இன்னொன்று. வாசலில் கட்சி நிற ரிப்பன் பூ குத்திக்கொண்டு உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. டெல்லர் என்பார்கள், கட்சிக்காரர்கள். யார் வந்து போனார்கள் என்று குறித்துக்கொண்டு, வராதவர் வீட்டைத் தட்ட ஆள் அனுப்புவார்கள். சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். எங்கள் அம்மா வயது ஆட்கள் பலர் அவர்களை அதிகாரி என்று நினைத்துப் பயந்து வாக்காளர் கார்டையே கொடுத்துவிடுகிறார்கள்.

வெம்ப்ளி மாணவன்:

இந்தியப் பாஸ்போர்ட், ஸ்டூடன்ட் விசா. நான் இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம்?

சாவடி அக்கா:

தம்பி, உங்களுக்கும் ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை இரண்டுமே காமன்வெல்த் நாடுகள். விசாவோடு இங்கே குடியிருக்கிற காமன்வெல்த் குடிமக்கள் கவுன்சிலுக்கு மட்டுமல்ல, பாராளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டே அடையாளமாகவும் செல்லும். தேதி முடிந்திருந்தாலும், முகம் உங்களைப் போல இருந்தால் சரி. ஆனால் தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் இங்கே இருந்தும் இது தெரியாத நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெம்ப்ளி மாணவன்:

அக்கா, சீரியஸா? ஹவுஸ்மேட் மூணு பேரும் இது தெரியாமத்தான் இருக்கானுங்க.

கென்டன் அண்ணன்:

நான் எண்ணும் இடத்தில் ஒரு கட்சிக்கு ஏஜென்டாக நின்றவன். வேடிக்கை எல்லாம் அங்கேதான்.

ஹாரோவில் 22 வார்டு, 55 கவுன்சிலர். ஒரு வார்டுக்கு இரண்டு பேர் அல்லது மூன்று பேர். அதனால் ஒரே சீட்டில் இரண்டு மூன்று பெருக்கல் குறி போடலாம். ஒரே கட்சிக்கு மூன்றும் விழுந்த சீட்டுகளை அடுக்கி எண்ணினால் வேலை முடிந்தது. பிரித்துப் போட்ட சீட்டுகள்தான் உயிரை எடுக்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறாக ஒரு தாளில் ஒட்டி, குறுக்கு வரிசையில் கோடு போட்டு எண்ணுவார்கள். தொங்கவிட்டால் பார்க்கப் புல்லுப் பாவாடை மாதிரி இருக்கும், பெயரும் அதுதான்.

அந்தத் தாள்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்சி பார்க்காமல் பெயர் பார்த்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! மூன்று கட்சியிலிருந்தும் ஒவ்வொரு ஆள், மூன்றும் நம் பக்கத்துப் பெயர். குஜராத்திப் பெயருக்கும் இதே கதை. சீட்டில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும், அதனால் ஒரே கட்சியில் 'வி'-யில் தொடங்கும் பெயருக்கு 'ஏ'-யை விடக் குறைவாக விழுவதைக் கண்ணால் பார்த்தேன். நாலு மாதம் ஒன்றாகக் கதவு தட்டியவர்கள், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே போனவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் கன்சர்வேடிவ் 31, லேபர் 24. அதே நாளில் வாண்ட்ஸ்வொர்த், வெஸ்ட்மின்ஸ்டர், பார்னெட் என்ற மூன்று லண்டன் கவுன்சில்களையும் லேபர் பிடித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் 1964-இலிருந்து கன்சர்வேடிவ் கையில் இருந்த இடம். ஊரெல்லாம் ஒரு பக்கம் போக, ஹாரோ மட்டும் எதிர்ப்பக்கம் போனது. தேசிய அலை என்று டிவியில் பேசுகிறவர்கள் பிரவுன் பின்னை மறந்துவிடுகிறார்கள்.

ரெய்னர்ஸ் லேன்வாசி:

அண்ணே, சமமாக வந்தால்?

கென்டன் அண்ணன்:

திரும்ப எண்ணுவார்கள். அப்பவும் சமம் என்றால் குலுக்கல்தான், சட்டத்திலேயே இருக்கிறது. 2017-இல் நார்தம்பர்லாந்தில் சவுத் பிளைத் வார்டில் இப்படித்தான் ஆனது. வேட்பாளர்கள் ஆளுக்கொரு குச்சி உருவினார்கள், லிபரல் டெமாக்ரட் அம்மா ஜெயித்தார். தோற்ற கன்சர்வேடிவ் கட்சிக்கு அந்தக் கவுன்சிலில் 67-இல் 33 இடம். அந்தக் குச்சி மட்டும் நீளமாக வந்திருந்தால் தனிப் பெரும்பான்மை.