ஹாண்டிலுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருகோணமலை, திங்கள்

அன்பின் நண்பர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகும் பொடியன்களுக்கு இங்கே மாலை வகுப்பு எடுக்கிறேன். தூரப் பயணம் போகிறவர் ஹாண்டிலையும் சீற்றையும் எப்படித் தெரிவு செய்வது என்று பதினாறு பக்கத்தில் ஒரு கைநூல் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

கை பிடிக்கிற றப்பர் ஒன்று, அந்த றப்பர் மாட்டியிருக்கிற வளைந்த குழாய் இன்னொன்று. எங்கள் கராஜ்களில் இரண்டும் ஹாண்டில்தான். போன கிழமை ஒருவர் வண்டியோடு வந்தார். கொழும்புக்கு அடிக்கடி ஓடுகிறவர். ஹபரணை தாண்டுவதற்குள் சின்னவிரல் மரத்துப்போகிறதாம். குழாய் தாழ்வு, உடம்புப் பாரம் முழுக்கக் கையில் இறங்குகிறது. பொடியனிடம் "ஹாண்டிலை மாற்று" என்றேன். அரை மணியில் புது றப்பர் போட்டுவிட்டு வந்து நின்றான். அவனில் பிழையில்லை.

உயரமான குழாய் போட்டால் கிளச் கேபிளும் அக்சிலேற்றர் கேபிளும் எட்டுமா என்று பார்க்க வேண்டும். எட்டாவிட்டால், ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியதும் எஞ்சின் தானாக உறுமும். இதையெல்லாம் எழுத எனக்கு இரண்டு பெயர் வேண்டும். சீற்றுக்கு ‘ஆசனம்’ போட்டுவிட்டேன்.

சென்னை, திங்கள்

‘கைப்பிடி’ போதுமே? எல்லோருக்கும் புரியும். புரியாத சொல்லை உருவாக்கி யாருக்கு லாபம்?

திருகோணமலை, திங்கள் இரவு

அண்ணா, அதுதான் சிக்கலே. இப்போது வருகிற பல குழாய்கள் நடுவில், வண்டியோடு இறுக்குகிற இடத்தில், 28.6 மில்லிமீற்றர் விட்டம். நுனிக்குப் போகப் போக ஒடுங்கி, றப்பர் ஏறுகிற இடத்தில் 22. "கைப்பிடி என்ன அளவு?" என்று கடைக்காரர் கேட்டால் பொடியன் 22 என்பான். வாங்கி வருவது வண்டியில் ஏறாது. றப்பருக்குக் ‘கைப்பிடி’யை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. குழாய்க்கு?

யாழ்ப்பாணம், செவ்வாய்

தம்பிக்கு,

இரண்டு கையாலும் பிடிப்பது, ஆகவே ‘இருகைப்பிடி’. இதைவிட நேரான சொல் இல்லை. எண்ணுப்பெயராகிய ‘இரு’ முன் வல்லினம் மிகாது: இருகண், இருகை, இருபக்கம். வினையாகிய ‘இரு’வோடு ‘கை’ விகுதி சேர்ந்தால் மிகும்: இருக்கை. நீங்கள் எழுதும் இரண்டு பொருளுமே, பிடிப்பதும் இருப்பதும், ஒரே ‘இரு’வில் வந்து நிற்பதைப் பாருங்கள். ஓர் ஒற்றுத்தான் இடையில். தமிழ் இவ்வளவு அழகாகக் கையில் தருவதை விட்டுவிட்டு ‘ஆசனம்’ என்று வடமொழிக்குப் போக என்ன தேவை? இருக்கை என்றே போடுங்கள். அதுவும் பொதுச்சொல் என்று தோன்றினால் சேணம் இருக்கிறது. காலை இரண்டு பக்கமும் போட்டு அமர்வதற்கு அதுவே ஏற்ற சொல்.

திருகோணமலை, செவ்வாய்

ஐயா, அழகை ஒப்புக்கொள்கிறேன். பயமும் அங்கேதான். கிறீஸ் கையோடு புத்தகம் பார்க்கிற பொடியன் ‘இருக்கை உயரம்’, ‘இருகைப்பிடி உயரம்’ என்று ஒரே பக்கத்தில் படித்தால் ஒற்றைக் கவனிக்க மாட்டான். சீற் பெல்ற்றை ஆசனப்பட்டி என்று நாடே சொல்வதால் ஆசனம் இருக்கட்டும்.

மூதூர், செவ்வாய் இரவு

ஸலாம். ‘சுக்கான்’ என்று போடுங்கள் சேர். மூதூரிலும் கிண்ணியாவிலும் கடலுக்குப் போகிற வீட்டில் அந்தச் சொல் தெரியாத பிள்ளை இல்லை.

யாழ்ப்பாணம், புதன்

சுக்கான் அரபுச் சொல். வடமொழியை மறுத்துவிட்டு அரபியை எப்படி ஏற்பேன்? அதோடு சுக்கான் தோணிக்குப் பின்னால் இருப்பது. இது வண்டிக்கு முன்னால் இருப்பது.

மூதூர், புதன்

மாஸ்டர், அரபியிலிருந்து வந்ததுதான். எங்களிடம் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. 2009-இல் கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை நாங்கள் ‘பாதை’யில்தான் அக்கரைக்குப் போனோம். எங்கள் ஊரில் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றுகிற மிதவை. வீதி என்று யாரும் மயங்கியதில்லை. சொல்லுக்குப் பொருளை அதைப் புழங்குகிறவன்தான் கொடுக்கிறான்.

பொருத்தமும் இருக்கிறது. தோணியில் சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் தோணி இடப்பக்கம் திரும்பும். மோட்டார் சைக்கிளும் வேகத்தில் அப்படித்தான். இடப்பக்கம் சாய வேண்டுமென்றால் இடக்கைப் பக்கத்தை முன்னால் தள்ளுகிறோம். முன்சில்லு ஒரு கணம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் விழும். நிலாவெளி வீதியில் ஒரு தரம் கவனித்து ஓட்டிப் பாருங்கள். கை செய்வதற்கு எதிர்ப்பக்கம் போவது சுக்கானுக்கும் இதற்கும் பொது.

சென்னை, புதன்

மூதூர் நண்பர் சொன்னது அருமை. ஆனால் மெதுவாகப் போகும்போது வண்டி கை திரும்பும் பக்கமே திரும்புகிறது. அப்போது சுக்கான் இல்லையா?

மட்டக்களப்பு, வியாழன்

தம்பி, நாளைக்கு வெள்ளி. நான் ஒன்று சொல்கிறேன்.

காரைதீவில் பிறந்து, உங்கள் ஊர் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்த விபுலாநந்த அடிகள் 1936-இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இந்தத் தூய்மையா எளிமையா என்ற வழக்கு அப்போதே இருந்தது. இந்தக் கிழமையில் அது முடியாது. உங்களுக்கு வேண்டியது கேட்டதும் கை குழாயில் போய் நிற்கிற சொல். ‘பிடிதண்டு’ என்று வையுங்கள். குடிதண்ணீர் போல வினைத்தொகை, ஒற்று வேண்டாம். பிறகு எல்லாம் தானாக வரும்: தண்டின் உயரம், தண்டின் அகலம், உடம்புப் பக்கம் வருகிற பின்வளைவு. நுனியில் கைப்பிடி.

ஆசனப் பகுதியில் ஒரு குறை. மெத்தென்று இருப்பது நல்லது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மெத்தென்ற ஸ்பொஞ்ச் முதல் அரை மணிக்குத்தான் சுகம். பிறகு அமுங்கி, இருப்பெலும்பு அடித்தகட்டில் முட்டும். இறுக்கமானதும் பின்பக்கம் அகன்றதும் வேண்டும். முன்னால் சரிந்திருந்தால் ஆள் வழுக்கிப் பெற்றோல் தாங்கியோடு ஒட்டுவார். அந்தப் பாரமும் கையில்தான் இறங்கும். பிடிதண்டை மட்டும் மாற்றினால் சின்னவிரல் திரும்பவும் மரக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

யாழ்ப்பாணம், வியாழன்

தங்கச்சியின் சொல் நல்லது. ஆனால் பிடிதண்டு அல்ல, ‘பிடித்தண்டு’. பிடியை உடைய தண்டு. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன் தொக்க தொகை. ஒற்று மிக வேண்டும். தம்பியே குழாயை ‘றப்பர் மாட்டியிருப்பது’ என்றுதானே முதலில் சொன்னார்?

மட்டக்களப்பு, வியாழன்

ஐயா, பிடிக்கிற தண்டு. நான் நினைத்தது வினை.

மூதூர், வியாழன்

பிடிதண்டு எழுத்தில் இருக்கட்டும். எங்கள் கராஜில் சுக்கான் என்றே சொல்லப்போகிறோம்.

திருகோணமலை, வெள்ளி

அக்கா, உங்கள் வரியைச் சேர்த்துவிட்டேன். நேற்று வகுப்பில் ஒரு விளக்கமும் கொடுக்காமல் "பிடிதண்டைத் தொடு" என்றேன். எட்டுப் பேரில் ஏழு பேர் குழாயைத் தொட்டார்கள். ஒருவன் கிளச் நெம்பைப் பிடித்தான். பிறகு சொல்லை எழுதச் சொன்னேன். ஆறு பேர் ‘த்’ போட்டு எழுதினார்கள். நான் அக்கா சொன்னபடி ஒற்றில்லாமல் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ஹாண்டில் என்று ஒரு தரம் வரும்.

யாழ்ப்பாணம், வெள்ளி

எட்டில் ஆறு. தம்பி, அச்சுக்கோப்பவரிடம் இன்னும் நேரம் இருந்தால் ஒரு தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.